ஏழு மார்க்குக்குப் பிறகு

பார்க் சைட், சூர்யா நகர், டாகூர் நகர், கண்ணம்வார் நகர் என்று மும்பை விக்ரோலி ஸ்டேஷனுக்கு இருபுறமும் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு,

மகாராஷ்டிர அரசின் கலை இயக்ககம் நடத்தும் எலிமென்டரி, இண்டர்மீடியட் டிராயிங் தேர்வுகள் உங்களுக்குத் தெரியும். இண்டர்மீடியட்டில் ஏ கிரேடு வாங்கினால் பத்தாவது மொத்தத்தில் 7 மார்க் கூடும். பி கிரேடுக்கு 5, சி கிரேடுக்கு 3. அந்த மார்க்குக்காக வகுப்புக்கு அனுப்புகிறீர்கள், போஸ்டர் கலரும் பிரஷ்ஷும் வாங்கித் தருகிறீர்கள், பிள்ளை பானையையும் வாழைப்பழத்தையும் எதிரே வைத்து ஸ்டில் லைஃப் பழகும்போது டிவியின் சத்தத்தைக்கூடக் குறைக்கிறீர்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் கலர் பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. ஆண்டுதோறும் இந்த மாநிலத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகள் வரையக் கற்றுக்கொண்டு, மார்க் வாங்கி, பதினாறு வயதில் வரைவதை நிறுத்துகிறார்கள். அந்தப் பதினாறாவது வயதைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்த வயதில் ஒரு பெண்ணோ பையனோ "இதையே மேலே படிக்கிறேன்" என்று சொன்னால் வீட்டில் எழும் கேள்வி ஒன்றே ஒன்று: இதில் சோறு கிடைக்குமா? இதைக் கேட்டதும் ஓவியர்கள் முகம் சுளிப்பது வழக்கம். கலையைக் காசால் அளக்கிறார்கள் என்று குறைப்படுவார்கள். தூரிகை பிடித்து வாழ்கிறவன்தான் நானும். ஆனாலும் அந்தச் சுளிப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஊரை விட்டுப் பிழைக்க வந்து, ஆலையிலும் கட்டட வேலையிலும் இட்லி வியாபாரத்திலும் காலூன்றிய குடும்பங்கள் சோற்றைப் பற்றிக் கேட்காமல் வேறு யார் கேட்பது? கேள்வியில் பிழையில்லை. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு பதில்களில்தான் பிழை. கிடைக்காது, விட்டுவிடு என்பது ஒன்று. ஏன் கிடைக்காது, ஓவியர் உசேன் படம் கோடிக்கணக்கில் போகிறதே என்பது மற்றொன்று. ஓவியர்கள் உண்மையில் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று விசாரித்தால் வேறொன்று தெரிகிறது. படம் விற்ற காசில் மட்டும் வாழ்ந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களெல்லாம் கை தெரிந்த இன்னொரு வேலையில் சம்பாதித்தார்கள். வரைவதற்கு வேண்டிய நேரத்தையும் இடத்தையும் வீடு ஒதுக்கிக் கொடுத்தது. பிள்ளை வரைவானா மாட்டானா என்பதைச் சந்தையைவிட வீடுதான் அதிகம் தீர்மானித்திருக்கிறது.

நம் நகரத்திலிருந்தே தொடங்கலாம். 1947-இல் பம்பாயில் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களில் எம்.எஃப். உசேன் சினிமா விளம்பரப் பலகை வரைந்து பிழைத்தவர்; பிறகு மரச்சாமான் செய்யும் நிறுவனத்துக்காகப் பொம்மைகள் வடிவமைத்தார். எஸ்.எச். ரசா அச்சுக்கு பிளாக் செய்யும் ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். கே.எச். ஆரா வீட்டுவேலை செய்தவர், கார் கழுவியவர். அடுத்த தலைமுறைக்குக் கைகொடுத்தது நெசவு. கைத்தறிக்காக உழைத்த புபுல் ஜெயகரின் முயற்சியால் 1950-களில் உருவான நெசவாளர் சேவை மையங்கள் கைத்தறிக்குப் புதிய டிசைன் தேவை என்று ஓவியர்களைச் சம்பளத்துக்கு எடுத்தன. இந்திய நவீன ஓவியத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் காலரிகளைப் பற்றி எழுதுமளவுக்கு இந்த மையங்களைப் பற்றி எழுதுவதில்லை. எனக்கு இது பெரிய விடுபடலாகத் தோன்றுகிறது. பிரபாகர் பர்வே ஏறத்தாழ இருபது ஆண்டு அங்கே வேலை பார்த்தார். மனு பரேக் அங்கே டிசைனர். சென்னை மையத்தில் ரெட்டப்ப நாயுடு, கே.எம். ஆதிமூலம். நம்மில் பலர் திரைப்படங்களில் பார்த்திருக்கும் வீர சந்தானமும் நெசவாளர் மையத்தில் சம்பளம் வாங்கிய ஓவியர்தான். கே.ஜி. சுப்ரமணியன் இதே பம்பாயில் கைத்தறி வாரியத்தில் டிசைன் பிரிவு அதிகாரியாக இருந்தவர். இன்னொரு வரிசையும் உண்டு. சுதீர் பட்வர்தன் தானேயில் 1975 முதல் 2005 வரை எக்ஸ்ரே மருத்துவர். கீவ் பட்டேல் மும்பை சென்ட்ரலில் பொது மருத்துவராக இருந்தவர். இந்த நகரத்தில் பிறந்து பரோடாவில் வாழ்ந்த பூபேன் கக்கர் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட். ஓவியராகப் பெயர் எடுத்த பிறகும் பகுதிநேரமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டில் இதையே ஒரு கூட்டமாகச் செய்து பார்த்தார்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு ஒரு கவலை இருந்தது: நன்றாக வரையும் மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியே போனதும் வயிற்றுப்பாட்டுக்காக வரைவதையே விட்டுவிடுகிறார்கள். அவர் கண்ட வழி அரசிடம் மனுப் போடுவதில்லை, பணக்காரர்களைத் தேடிப் போவதுமில்லை. ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து சங்கம் வைத்து, பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பகலில் கொஞ்ச நேரம் விற்பனைக்கான கைவேலை, மற்ற நேரம் தன் ஓவியம், அதே வளாகத்தில் வீடு, மனைவி மக்கள். இன்று அங்கே போகிறவர்கள் சிற்பத் தோட்டத்தைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்புகிறார்கள். என்னைக் கேட்டால் அங்கே வியக்க வேண்டியது அந்தக் கணக்குப் புத்தகம். ஓவியத்தின் மீது மரியாதை இருந்ததால்தான் அவர்கள் ஓவியத்தைச் சோறு போடச் சொல்லி வற்புறுத்தவில்லை. இன்னும் எளிய உதாரணம் வேண்டுமானால் சாமிப் படக் காலண்டரைப் பாருங்கள். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் சிவகாசி அச்சகங்களுக்கு வரைந்து கொடுத்த முருகனும் லட்சுமியும் தாராவி வரை வந்து சுவரேறினார்கள். கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். நம் பாட்டிமார் தினமும் விழுந்து கும்பிட்டது அப்படி ஒரு கூலி ஓவியரின் கையைத்தான்.

கோடிகளைக் காட்டி மறுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உசேன் 1954-இல் வரைந்த 'கிராம யாத்ரா' 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 38 லட்சம் டாலருக்குப் போனது. நம் காசில் சுமார் 118 கோடி ரூபாய். அதை 1954-லேயே வாங்கிப்போனவர் நார்வேயில் வாழ்ந்த ஒரு மருத்துவர். அது பல ஆண்டுகள் ஆஸ்லோ மருத்துவமனைச் சுவரில் தொங்கியது. ஏலப் பணமும் அந்த மருத்துவமனைக்கு, மருத்துவர்களின் பயிற்சிக்கென்றே போனது. உசேன் 2011-லேயே காலமாகிவிட்டார். ஓவியர் தையப் மேத்தாவின் 'செலிப்ரேஷன்' 2002-இல் ஒன்றரைக் கோடிக்குப் போனபோது அவர் உயிரோடு இருந்தார். இதே மும்பையில் எளிய வீட்டில் இருந்தார். ஏல விலை என்பது படத்தை வாங்கி வைத்திருந்தவருக்குக் கிடைக்கும் விலை. மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு தர வேண்டுமென்று நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தின்மூலம் 53ஏ என்றொரு பிரிவு சேர்க்கப்பட்டது. விலை 10,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீதத்துக்கு மிகாத பங்கு என்கிறது அது. அந்தப் பிரிவு பெரும்பாலும் ஏட்டிலேயே நிற்கிறது. ஆகவே ஏலச் செய்தியைப் பார்த்துப் பிள்ளையை ஓவியக் கல்லூரிக்கு அனுப்பாதீர்கள். லாட்டரி முடிவைப் பார்த்துச் சீட்டு வாங்குவதற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

இங்கே கூர்மையான பெற்றோர் ஒருவர் கேட்கலாம்: பெயர் வாங்கியவர்களை மட்டும் வரிசையாகச் சொல்கிறீர்களே, பெயர் வாங்காமல் போனவர்களின் கணக்கு எங்கே? மிகச் சரியான கேள்வி. கல்லூரியில் இருந்து வெளியேறியவர்களில் பெரும்பாலோர் எந்தக் கலை வரலாற்றிலும் இல்லை. ஆனால் அவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்களா? பள்ளி டிராயிங் மாஸ்டராக, புடவை டிசைனராக, விளம்பர ஏஜென்சியில், சினிமா ஆர்ட் டைரக்‌ஷனில், அனிமேஷன் ஸ்டூடியோவில், அச்சகத்தில் இருக்கிறார்கள். மும்பை இந்தத் தொழில்களின் தலைநகரம். ஓவியம் கற்றவன் ஓவியனாக வெற்றி பெறாமல் போவது வேறு, வேலையில்லாமல் போவது வேறு. முதலாவது நிறைய நடக்கிறது. பெற்றோர் அஞ்சுவது இரண்டாவதை. சோற்றுக்கான வேலையை ஆரம்பத்திலிருந்தே கணக்கில் எடுத்துக்கொள்ளும் வீட்டில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்புவதில்லை.

அந்தத் தொழில்களும் போகின்றனவே, கம்ப்யூட்டரே படம் போட்டுத் தருகிறதே என்பது இன்றைய கவலை. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. உசேன் கைப்பட வரைந்தது போன்ற விளம்பரப் பலகையைப் பிளெக்ஸ் அச்சு தின்றது. சினிமா பேனர் வரைந்த பல குடும்பங்கள் அதோடு நொடித்தன. செயற்கை நுண்ணறிவு இன்று பத்திரிகைப் படத்தையும் விளம்பரப் படத்தையும் தின்னத் தொடங்கியிருக்கிறது. ஆனால் இந்த அச்சம் ஓவியத்துக்கு மட்டும் உரியதாக இருந்தால்தான் அது ஓவியத்துக்கு எதிரான வாதம் ஆகும். நீங்கள் பிள்ளையை அனுப்ப நினைக்கும் கணக்கெழுத்து, கோடிங், கால் சென்டர் எல்லாவற்றையும் அதே கம்ப்யூட்டர்தான் தின்கிறது. ஒரு வேலை போனால் இன்னொன்றுக்கு மாறும் தெம்பு யாருக்கு இருக்கும் என்றுதான் பார்க்க வேண்டும். பலகையிலிருந்து பொம்மைக்கும், திரைச்சீலையிலிருந்து காலண்டருக்கும், கித்தானிலிருந்து கைத்தறிக்கும் மாறியவர்களின் பட்டியல்தான் மேலே இருப்பது.

ஓவியர்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பு வேறு விதமாக வரும். பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி வரைந்தால் அது பொழுதுபோக்கு, கலை முழு மனிதனைக் கேட்கிறது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, சான்றுதான் இல்லை. பட்வர்தனின் படங்களில் வரும் உழைத்துத் தளர்ந்த உடம்புகள், லோக்கல் ரயில், இரானி ஓட்டல், புறநகரின் தெருக்கள் எல்லாம் அவருடைய தொழில் வாழ்க்கை நடந்த அதே உலகம். நாள்தோறும் மனித உடம்பின் உள்ளே பார்த்த கண் அது. கீவ் பட்டேலின் ஓவியத்திலும் கவிதையிலும் மருத்துவர் இருக்கிறார். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் வரைந்த கோடுகளும் எழுத்துகளும் தமிழ்ப் புத்தகத்தின் முகத்தையே மாற்றின. காந்தி நூற்றாண்டில் அவர் வரைந்த காந்தியின் கோட்டோவியங்களும் அதே கையிலிருந்து வந்தவை. எங்கே சோற்று வேலை முடிகிறது, எங்கே கலை தொடங்குகிறது என்று அவரிடம் கோடு கிழிக்க முடியாது. எல்லா வேலைக்கும் இது பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டும் மூன்று மணி நேரப் பயணமும் பார்க்கிறவனிடம் போய் ராத்திரியில் படம் வரை என்று சொல்வது கொடுமை. அதனால்தான் எந்த வேலை என்பதை ஓவியத்தையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன். கொஞ்சம் குறைந்த சம்பளமும் கொஞ்சம் கூடுதல் பொழுதும் கிடைக்கும் வேலையை வீடு ஏற்றுக்கொள்ளுமா என்பதை முன்னாலேயே பேசிவிட வேண்டும்.

"முதலில் வேலை, கல்யாணம், வீடு, பிறகு நிம்மதியாக வரையட்டும்" என்பது நல்லெண்ணத்தில் சொல்லப்படுவது. ஆனால் கை அப்படிக் காத்திருக்காது. பட்வர்தன் 2005-இல் மருத்துவத்தை விட்டபோது வரையத் தொடங்கவில்லை. முப்பது ஆண்டுகளாக இரண்டையும் கூடவே நடத்திவந்தார். பாட்டைப் பத்தாண்டு பாடாமல் வைத்திருந்தால் தொண்டை என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கோட்டுக்கும் அதே கதிதான். இடம் இல்லை என்பது இன்னொரு தடை, இது விக்ரோலியில் பொய்யில்லை. குடிசை மறுசீரமைப்பில் கிடைக்கும் புது வீடே 300 சதுர அடி. அதில் ஈசலும் கித்தானும் எங்கே வைப்பது? ஆனால் பெரிய கித்தான்தான் ஓவியம் என்பது காலரி சுவர் கற்றுக்கொடுத்த பழக்கம். முகலாய, ராஜஸ்தானி நுண்ணோவியங்கள் மடியில் வைத்து வரையப்பட்டவை. நஸ்ரின் முகமதி காகிதத்தில் மையும் பென்சிலும் கொண்டு இழுத்த கோடுகள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பிள்ளைக்குத் தேவை ஒரு மேசையின் பாதி, ஒரு டியூப் லைட், அந்த நேரத்தில் கடைக்குப் போய் வா என்று யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் நாம் பேசத் தயங்குவது. வான்கோவின் பட்டினியைப் பேசுகிறவர்கள் தம்பி தியோவின் மாதாந்திரப் பணத்தைப் பேசுவதில்லை. தம்பியின் சம்பளம் இல்லையென்றால் அந்தப் படங்கள் இல்லை. தம்பியும் இறந்த பிறகு, கைக்குழந்தையோடு நின்ற தம்பி மனைவி யோஹான்னாதான் அந்தப் படங்களையும் கடிதங்களையும் காப்பாற்றி உலகத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு பேருடைய உழைப்பும் மூன்றாவது ஒருவரின் பெயரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. நம் வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் ஒருதலைப்பட்சம். பையன் வரைந்தால் அக்கா பாத்திரம் தேய்ப்பாள். அக்கா வரைந்தால் பாத்திரம் கிடக்கும், பிறகு அவளே எழுந்து தேய்ப்பாள். பொன்னானியில் பிறந்து சென்னையில் பணிக்கரின் கல்லூரியில் படித்த டி.கே. பத்மினியின் கதையை எண்ணிப் பாருங்கள். மாமா ஒருவர் துணை நின்றதால் படிக்க வந்தவர். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர். 1968-இல் ஓர் ஓவியரையே மணந்தார். 1969-இல் பிரசவத்தில் இறந்தபோது வயது முப்பதைத் தொடவில்லை. அதற்குள் அவர் வரைந்து முடித்தவற்றைப் பார்த்தால், இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்ற எண்ணத்தைத் தடுக்க முடியவில்லை. இதற்கு நேர்மாறான வீடும் உண்டு. குஜராத் கிராமமொன்றில் வளர்ந்த மாதவி பரேக் ஓவியக் கல்லூரி வாசலை மிதிக்காதவர். முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது, 1964-இல் வரையத் தொடங்கினார். சொல்லிக்கொடுத்தவர் கணவர் மனு பரேக். அவருடைய நெசவாளர் மையச் சம்பளத்தில் நடந்த அந்த வீட்டில் இரண்டு ஓவியர்கள் உருவானார்கள். மாதவிக்குத் திறமை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கோடு இழுக்க நேரம் உண்டு என்று நினைத்த ஒரு வீடும் இருந்தது. நம் தெருக்களில் மார்கழி முழுக்கப் புள்ளி பிசகாமல் கோலம் போடும் பெண்களுக்குக் கையில் குறை என்ன இருக்கிறது?

நடைமுறைக்கு வருவோம். சர் ஜே.ஜே. ஓவியப் பள்ளி 1857 முதல் இந்த நகரத்தில் இருக்கிறது. விக்ரோலியில் ஸ்லோ லோக்கல் ஏறினால் கடைசி ஸ்டேஷன் சி.எஸ்.எம்.டி.; அங்கிருந்து நடை தூரம். அது இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிவிட்டதால் கட்டணத்தையும் நுழைவுத் தேர்வு முறையையும் அந்தந்த ஆண்டு நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள். பார்க் சைட் குன்றுக்கு அந்தப் பக்கம், பவாய் ஐ.ஐ.டி.க்குள், 1969-இல் தொடங்கிய ஐ.டி.சி. டிசைன் பள்ளி இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்தவர்கள் யூசீட் தேர்வெழுதி அங்கே சேரலாம். நாம் தினமும் எழுதும் ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். 2010-இல் ஏற்கப்பட்டது அந்தக் குறியீடு. அவர் அந்த ஐ.டி.சி.யில் ஆய்வு செய்தது தமிழ் அச்செழுத்துகளைப் பற்றி. ஐ.ஐ.டி. என்றதும் இன்ஜினியரிங் கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டத் தயாராகும் வீடுகளில் எத்தனை பேருக்கு அதே வளாகத்தில் வரைகிறவர்களுக்கும் ஒரு வாசல் இருப்பது தெரியும்?

கடைசியாக, விழா நடத்தும் தமிழ் அமைப்புகளில் பொறுப்பில் இருக்கும் பெற்றோருக்கு மட்டும் ஒரு கோரிக்கை. பொங்கல் விழாக்களில் ஓவியப் போட்டி என்றால் அது சின்னப் பிள்ளைகளுக்கானது. பெரியவர்களுக்குப் பட்டிமன்றமும் பாட்டும். வருகிற பொங்கலுக்குப் பதினாறு வயதுக்கு மேல் ஒரு பிரிவும், வயது வரம்பில்லாமல் பெண்களுக்கு ஒரு பிரிவும் சேருங்கள். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் பரிசாக வேண்டாம். நல்ல காகிதமும் வண்ணமும் கொடுங்கள். வென்ற படங்களை அன்று மாலையே சுருட்டிக் கொடுத்துவிடாமல் ஒரு மாதம் மண்டபச் சுவரில் மாட்டி வையுங்கள், கீழே விலையும் எழுதி வையுங்கள். யாராவது வாங்கினால் வாங்கட்டும். வாங்காவிட்டாலும், வரைந்தவரின் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முறை நின்று பார்த்துவிட்டுப் போவார்.

இப்படிக்கு,
விக்ரோலியில் ஓவியம் வரைந்து வாழும் உங்களில் ஒருவன்